எருக்கு வந்தது

ஏரிக்கு ராஜா காவல், ராஜாவுக்கு ஏரி காவல் என்று இருந்த அந்தப் பழங்காலத்தில், நெட்டேரி என்று ஓர் ஊர் இருந்தது. கேட்கிறவர்கள் சின்னவர்களானாலும் சரி, பெரியவர்களானாலும் சரி, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கதையில் பூதம் வராது. புலி வராது. பிள்ளைகள்தான் வருவார்கள். ஆனாலும் பயப்பட வேண்டிய கதைதான்.

ஊருக்குப் பெயரே ஏரியால் வந்தது. அத்தனை நீளமான ஏரி. ஏரிக்கரையில் ஒரு கல்மண்டபம், மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதில் ஒரு வாத்தியார், இருபத்தொரு பிள்ளைகள்.

வாத்தியார் நல்லவர். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். பழைய நூல் ஒன்றுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார், பதினாறு வருடமாக. காலையில் ஓலைக்குள் தலையை விட்டால் சாயங்காலம்தான் எடுப்பார். அதனால் உண்மையில் பள்ளிக்கூடத்தை நடத்தியவன் சட்டாம்பிள்ளை. சட்டாம்பிள்ளை என்றால் பிள்ளைகளிலேயே மூத்தவன். வாத்தியாருக்குப் பதிலாக மற்றவர்களைக் கட்டி மேய்ப்பவன். அங்கே சட்டாம்பிள்ளையாக இருந்தவன் கொற்றன். ஊர்த்தலைவர் மகன், உயரமானவன், கணீரென்ற குரல்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரைக் கொடுப்பார்கள். உனக்குத் தாமரை, உனக்கு முல்லை, உனக்குக் கொன்றை என்று. பிள்ளை அதை மறக்காமல் ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் காலையில் வாசலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். "தாமரை" என்று சொன்னால், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து "தாமரை வந்தது!" என்பார்கள். அப்புறம்தான் உள்ளே வரலாம். ஞாபகசக்திக்கு நல்ல பயிற்சி. யார் ஏற்படுத்தினார்களோ, நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தியிருப்பார்கள்.

கொடுத்த பூவைத் திருப்பித் தரக்கூடாது என்பது விதி. பூவைக் கொடுப்பது சட்டாம்பிள்ளையின் வேலை.

இந்தக் கதை சேந்தனைப் பற்றியது. செக்கு ஆட்டும் எண்ணெய் வணிகரின் மகன், பத்து வயது. பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. நடுவில் தூணோரமாக உட்காருவான். யாரையும் அடித்ததில்லை. யாரிடமும் அடி வாங்கியதும் இல்லை. அப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைப்பவன்.

அந்த வருடம் புரட்டாசி கடைசியில், கடற்கரையிலிருந்து ஓர் உப்பு வணிகர் குடும்பத்தோடு நெட்டேரிக்கு வந்தார். மழைக்காலத்தில் உப்பு வண்டி ஓடாது, உப்பு கரைந்துவிடும். தை பிறக்கும்வரை ஊரில் தங்கலாம் என்று வண்டியை அவிழ்த்துப் போட்டார். அவருக்கு ஒரே மகள். மூணு மாசம் சும்மா இருப்பானேன், நாலு எழுத்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மாக்காரி அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டாள்.

அந்தப் பெண்ணைச் சேந்தனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் அவனிடம்தான் முதலில் பேசினாள்.

"என் பேரு நித்திலம். நித்திலம்னா முத்து. எங்க கடல்ல கிடைக்கும். உன் பேரு என்ன?"

பேச்சில் கடற்கரை இழுவை. ஒவ்வொரு சொல்லும் கடைசியில் கொஞ்சம் நீளும். சேந்தனுக்கு அது பிடித்திருந்தது. தன் பெயரைச் சொன்னான். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பெயர் அவனுக்கு முதல் நாளே தெரியும்.

அன்று சாயங்காலம் கொற்றன் பூக்கள் கொடுத்தான். தாமரை, முல்லை, கொன்றை, அல்லி, செண்பகம் என்று தனக்கும் சேர்த்து இருபத்தொன்று கொடுத்து முடித்தபோது அவனுக்குத் தெரிந்த பூக்கள் தீர்ந்துபோயின. இருபத்திரண்டாவதாக நின்றாள் நித்திலம். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கரைச் சரிவில் ஓர் எருக்கஞ்செடி தெரிந்தது.

"உனக்கு எருக்கு" என்றான்.

அதில் சூது ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. இன்னொன்று சிரித்தது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கொற்றன் சொன்னதற்கு அதுவரை அந்த மண்டபத்தில் யாரும் சிரித்ததில்லை. அவன் அவர்களைப் பார்த்தான். அவனுக்கு ருசி தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் வாசலில் நின்று "எருக்கு" என்றாள்.

"எருக்கு வந்தது!" என்றார்கள் உள்ளே. மண்டபமே அதிர்ந்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். புதுப் பிள்ளை அல்லவா.

இரண்டாம் நாள் சாயங்காலமும் அவளுக்கு எருக்கு. மூன்றாம் நாளும் எருக்கு. மற்ற பிள்ளைகளுக்குப் பூ தினமும் மாறியது. அவளுக்கு மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். விளையாட்டு என்றால் என்ன? இன்றைக்குப் பிடிபட்டவன் நாளைக்குப் பிடிப்பான். முறை மாறும். முறை மாறாத விளையாட்டு எங்கேயாவது உண்டா? இருந்தால் அதற்கு விளையாட்டு என்று பெயர் வைக்காதீர்கள். நெட்டேரியில் அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி போனது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? ஒரு நாள் கொற்றன் அதை எடுத்துக்கொண்டான். "அவளைத் தொட்டா பால் ஒட்டும்" என்றான். அன்றுமுதல் அவள் நடந்தால் பிள்ளைகள் விலகினார்கள். தெரியாமல் தோள் உரசிவிட்டால் ஓடிப்போய் ஏரியில் கை கழுவினார்கள். அவள் எழுதும் மணலில் எருக்கம்பூவைக் கொட்டி வைத்தார்கள். அவள் ஓலைக்கட்டுக்குள் எருக்கிலையைச் செருகினார்கள். பால் காய்ந்து ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் அம்மா வாங்கிக் கொடுத்த ஓலைகள் அவை.

காலையில் மட்டும் அவள் தன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டும். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள். வசவு மற்றவர்களுடையது, சொல்லுகிற வாய் அவளுடையது.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடி விழும்போது தலையைக் குனிந்துகொள்கிறோமே, அந்த மாதிரிச் சிரிப்பு. வாத்தியார் எப்போதோ ஒருமுறை ஓலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். மனம் நிறைந்து மறுபடி குனிந்துகொண்டார்.

கார்த்திகையில் அவள் மூன்று பேரிடம் கேட்டாள்.

முதலில் வாத்தியாரிடம் போனாள். "ஐயா, எனக்கு வேற பூ குடுக்கச் சொல்லுங்கய்யா" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். பூவைப் பற்றி ஒரு பிள்ளை சந்தேகம் கேட்கிறதே! எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டு, "எருக்கு என்ன மட்டமா? கடவுள் எருக்கம்பூவைக்கூட வேண்டாமென்று சொல்லாமல் ஏற்றுக்கொள்வார், தெரியுமா?" என்று விளக்கம் சொன்னார். நல்ல விளக்கம். அதில் ஒரு 'கூட' இருந்தது. பதினாறு வருடமாகச் சொல்லுக்குச் சொல் உரை எழுதுகிறவருக்குத் தன் வாயில் வந்த அந்த ஒரு சொல் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

இரண்டாவதாக அம்மாவிடம் சொன்னாள். அம்மாக்காரி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். "பேசினா பேசிட்டுப் போறாங்க. நீ காதுல வாங்காத. தை பொறந்தா நாம கிளம்பிடப் போறோம்" என்றாள். பாவம், அவள் மீதும் குற்றம் சொல்ல முடியாது. மகள் சொன்னது பூவைப் பற்றித்தானே.

மூன்றாவதாகச் சேந்தனிடம் கேட்டாள். மண்டபத்துக்குப் பின்னால், யாரும் இல்லாத நேரம் பார்த்து.

"நீ ஒண்ணும் சண்டை போட வேண்டாம். நாளைக்குக் காலையில நான் வாசல்ல நிக்கிறப்ப, நீ மட்டும் நித்திலம் வந்தாள்னு சொல்லு. மெதுவாச் சொன்னாக்கூடப் போதும். எனக்குக் கேட்கும்."

சேந்தன் "சொல்றேன்" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் காலை. அவள் வாசலில் வந்து நின்றாள். "எருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூண் பக்கமாகப் பார்த்தாள். சேந்தன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்துக் கொற்றன் அவன் பக்கம் திரும்பினான். மிரட்டவில்லை. ரொம்பச் சாதாரணமாக, "இன்னிக்குச் சாயங்காலம் யாருக்கு என்ன பூன்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றான்.

சேந்தன் கணக்குப் போட்டான். எருக்கு யாருக்காவது ஒருவருக்குப் போய்த்தான் ஆகும். அவளுக்குப் போகாவிட்டால் நமக்கு வரும். மண்டபத்தில் இருந்த இருபது பேரும் இதே கணக்கைத்தான் போட்டு வைத்திருந்தார்கள் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

"எருக்கு வந்தது!" என்றான். எல்லோரையும்விட அவன் குரல்தான் அன்றைக்குப் பெரிதாகக் கேட்டது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று கிசுகிசுத்தான். அவள் மணலில் கிடந்த எருக்கம்பூவைப் பொறுக்கிப் போட்டாள். மறுநாளும் மனசுக்குள் நாளைக்கு என்றான். அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றான். அதற்குப் பிறகு அவளும் தூண் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவனுக்கு அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மார்கழி பிறந்தது. அந்த வருடம் பேய்மழை. ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏரிக்குப் பூசை செய்ய ராஜாவே நேரில் வந்தார். பூசை முடிந்ததும் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கேட்டு மண்டபத்துக்குள் நுழைந்தார்.

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். ராஜா ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். "கொற்றன், மகாராஜா." "காரி, மகாராஜா." "சேந்தன், மகாராஜா." எல்லோரையும்விடச் சின்னவள் பூதி. அவள்கூடத் திக்காமல் சொல்லிவிட்டாள்.

ராஜா நித்திலத்தின் முன்னால் வந்து நின்றார். "உன் பெயர் என்னம்மா?"

வாசலில் நின்று தினம் தினம் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய வாய். கேள்வி கேட்ட உடனே, யோசிப்பதற்கு முன்னால், அது தானாகவே சொல்லிவிட்டது.

"எருக்கு."

முதலில் கொற்றன் சிரித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜா சிரித்தார். ராஜா சிரித்தால் வந்த பரிவாரம் முழுக்கச் சிரிக்காமல் இருக்குமா? வாத்தியாரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் பெண் வேடிக்கையாகப் பதில் சொல்கிறாள், நல்ல சூட்டிகை என்று ராஜா நினைத்துக்கொண்டார். தன் தோளில் கிடந்த பட்டு மேலாடையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். "எருக்குக்குப் பட்டு!" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ஒருத்தி மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு, வரிசையிலிருந்து விலகி, மண்டபத்தைவிட்டு வெளியே நடந்தாள். பட்டை அம்மாவிடம் காட்டப் போகிறாள் என்றார் வாத்தியார்.

இல்லை என்று சேந்தனுக்குத் தெரியும். அவன் வரிசையில் நின்றான். ராஜா இருக்கும்போது எப்படி நகர்வது?

உச்சிப்பொழுதும் தாண்டிய பிறகு அம்மாக்காரி வந்தாள். "என் நித்திலம் இங்கதான இருக்கா? சாப்பிட வரலையே" என்று கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதி பக்கத்தில் இருந்தவனை இழுத்து, "நித்திலமா? அது யாரு?" என்று கேட்டாள்.

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒரே மண்டபத்தில் இருந்திருக்கிறார்கள்.

அம்மாக்காரி பூதியைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள், பிள்ளைகள் முகத்தையெல்லாம் பார்த்தாள். காதில் வாங்காதே என்று தான் மகளிடம் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். கடலுக்குத்தான் திரும்பிப் போயிருப்பாள் என்று அவளும் கணவனும் கடற்கரைச் சாலையில் தேடிக்கொண்டே போய்விட்டார்கள். அது எதிர்த் திசை.

பட்டு மேலாடை கிடைத்த இடம் வேறு. ஏரிக்கரைக்குக் கீழே, தாழ்வான பக்கம், ஆள் உயரத்துக்குக் கோரை மண்டிய காடு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் பட்டு சேற்றில் கிடந்தது.

அப்போதுதான் விபரீதம் புரிந்தது. ஏரி நிரம்பி வழிகிறது. சூரியன் சாய்வதற்குள் மதகைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கரை உடைந்து ஊர் போய்விடும். மதகைத் திறந்தால் தண்ணீர் நேரே அந்தக் கோரைக்காட்டுக்குள்தான் பாயும்.

ராஜா காவலாட்கள் ஐம்பது பேரைக் கரையில் நிறுத்தினார். பிள்ளைகளின் குரல் அவளுக்குப் பழக்கம் என்று பிள்ளைகளையும் நிறுத்தினார். "பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்! என்ன பெயர்?" என்றார் காவலர் தலைவர்.

வாத்தியார் வாயைத் திறந்தார். சேர்ந்த அன்றைக்கும், அம்மாக்காரி தேடி வந்தபோதும் அந்தப் பெயரை அவரும் கேட்டிருந்தார். இப்போது எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அதற்குள் பிள்ளைகள் கத்திவிட்டார்கள்.

"எருக்கு! எருக்கு!"

ஐம்பது காவலாட்களும் வாங்கிக்கொண்டார்கள். "எருக்கு! எருக்கு!" என்று ஏரிக்கரை முழுக்க எதிரொலித்தது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. காப்பாற்றத்தான் கூப்பிட்டார்கள்.

கோரைக்குள் ஓர் இடத்தில் தட்டைகள் அசைந்தன. அசைவு உள்ளே போயிற்று.

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். இந்தத் தடவை முன்னால் நின்று கத்தியவன் கொற்றன். முகம் வெளுத்து, கண்ணில் நீரோடு கத்தினான். "எருக்கு! வந்துடு, எருக்கு!" அவன் வாய்க்கும் வேறு பெயர் வரவில்லை. அசைவு இன்னும் உள்ளே போயிற்று.

மதகின் மேல் நின்ற ஏரிக் காவலர் கையை ஆட்டினார். "கத்தாதீங்க! கத்தக் கத்த அந்தப் பொண்ணு உள்ளே போறா! கேலி பண்ண வர்றாங்கன்னு ஓடறா! இனி என்னால தாங்காது, பலகையைத் தூக்கியாகணும்!"

சேந்தன் அங்கேதான் நின்றான். அவள் பெயர் அவன் நாக்கு நுனியில் இருந்தது. இப்போதும் அவன் எதற்குத் தயங்கினான் தெரியுமா? இப்போது சொன்னால், இத்தனை நாளும் இவனுக்குத் தெரிந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு பெண்ணின் உயிர் கோரைக்குள் இருக்கிறது, இவனுக்கு மானத்தைப் பற்றிய கவலை. நான் அவனைத் திட்டவில்லை. நம்மில் பலர் அந்தக் கரையில் நின்றிருக்கிறோம்.

மதகுப் பலகை கிறீச்சிட்டது. தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது.

"நித்திலம்!"

சேந்தன் குரல் உடைந்து கத்தினான். "நித்திலம்! நான் சேந்தன்! நித்திலம்!"

கோரையில் அசைவு நின்றது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு அது மெதுவாக, கரையை நோக்கித் திரும்பியது.

ஆட்கள் குதித்து ஓடினார்கள். கழுத்தளவு தண்ணீரில் அவளைத் தூக்கினார்கள். கோரை அறுத்து உடம்பெல்லாம் ரத்தக் கீறல். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. கரையில் கிடத்தியபோது அவள் கண் திறந்து சேந்தனைப் பார்த்தாள். அவன் சந்தோஷத்தில் அழுதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு நாள் காய்ச்சல். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் எந்தச் சொல் வெளியே வருமோ என்ற பயம் போலிருக்கிறது.

கோரைக்காட்டில் வழி தவறிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ராஜாவும் அப்படியே நம்பி அரண்மனைக்குப் போனார். நடந்தது என்ன என்று வாத்தியாருக்குத் தெரியும். அவர் காதாலேயே கேட்டாரே. ஆனால் தெரிந்ததை வெளியே சொன்னால் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதாகும். மென்று விழுங்கிவிட்டு எழுத்தாணியை எடுத்துக்கொண்டார். அந்த உரை பிற்பாடு எழுதி முடிந்ததாம். ரொம்பப் பேர் புகழ்ந்தார்களாம்.

தை பிறந்தது. உப்பு வண்டி பூட்டினார்கள். சேந்தன் ஓடிப்போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அவள் பின்பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எத்தனையோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்தான். அவள்தான் முதலில் பேசினாள். பதினோரு நாள் காய்ச்சலுக்கும் பிறகு, அன்றைக்குத்தான்.

"என் பேரு உனக்கு மறக்கவே இல்லதான?"

"மறக்கல" என்றான் அவன், ஆவலாக. "ஒரு நாளும் மறக்கல, நித்திலம்."

அவள் தொங்கிய காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"மறந்திருந்தாப் பரவாயில்ல" என்றாள்.

வண்டி நகர்ந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால்கூடச் சேந்தனால் தாங்கியிருக்க முடியும். கதை அங்கே முடியவில்லை. அன்று சாயங்காலமும் பள்ளிக்கூடம் நடந்தது. கொற்றன் பூக்கள் கொடுத்தான். முதல் இரண்டு நாள் அடக்கமாகத்தான் இருந்தான். மூன்றாம் நாள் பழைய ருசி நாக்கில் ஊறியது. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இருப்பவர்களில் சின்னவளாகப் பார்த்து, பூதியிடம் நின்றான்.

"உனக்கு எருக்கு."

மறுநாள் காலையில் பூதி வாசலில் வந்து நின்றாள். சொல் வரவில்லை. சொல்லாமல் உள்ளேயும் வர முடியவில்லை. உள்ளே இருபது பேர் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.

சேந்தன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பூதி வந்தாள்" என்றான்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிப்பதற்கு இடமே வரவில்லை. பூதி விடுவிடென்று உள்ளே வந்து அவனுக்குப் பக்கத்தில், நித்திலம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் கொற்றன் எருக்கைச் சேந்தனுக்குக் கொடுத்தான். எந்தப் பூவுக்காக அவன் மூன்று மாதம் பயந்து செத்தானோ அந்தப் பூ. மறுநாள் காலையில் அவன் வாசலில் நின்று, "சேந்தன்" என்றான். உள்ளே இருந்து பூதியின் கீச்சுக்குரல், "சேந்தன் வந்தான்!" என்றது. அதோடு காரியின் குரலும் சேர்ந்துகொண்டது.

அடுத்துக் காரிக்குப் போயிற்று எருக்கு. அதற்கு மறுநாள் காலையில் காரி வாசலில் தன் பெயரைச் சொன்னான். "காரி வந்தான்!" என்று பாதி மண்டபம் சொன்னது.

அன்று சாயங்காலம் கொற்றன் பூக்களைக் கொடுத்துக்கொண்டே வந்து கடைசியில் எருக்கு என்று வாயெடுத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாங்கிக்கொள்ளும் முகம் எதுவும் அகப்படவில்லை. கடைசியில், "முல்லை" என்று முணுமுணுத்தான். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாருக்கும் எருக்கு கிடைக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். சேந்தன் தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ஜெயித்துவிட்டோமே, ஏன் அழுகிறாய் என்று பூதி கேட்டாள்.

மூன்றே காலை. அவ்வளவுதான் ஆகியிருக்கும். அவள் கிட்டத்தட்ட மூன்று மாதம் சொல்லிக்கொண்டு நின்றாள்.

பிற்பாடு சேந்தன் பெரியவனாகிச் செக்கை ஏற்று நடத்தினான். கல்யாணம் ஆயிற்று, தலை நரைத்தது. வருடா வருடம் தை பிறந்ததும் உப்பு வண்டிகள் வரும் சாலையில் போய் நிற்பான். ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பான். "நித்திலம் வந்தாள்" என்று சொல்லத் தயாராக நிற்பான். மெதுவாகச் சொன்னாலும் போதும் என்று அவள்தானே சொன்னாள். அந்த வண்டி நெட்டேரி வழியாக அப்புறம் வரவே இல்லை.

ஆகவே, கேட்டவர்களே: ஒருவரையே குறிவைத்துப் பலபேர் தினம் தினம் நோகடிப்பதற்கு விளையாட்டு என்று பெயர் கிடையாது, அதைப் பார்த்தவர் அன்றைக்கே வாய் திறக்க வேண்டும், நாளைக்கு அல்ல.